பீக்கன் உண்டு

சாயா நன்றாக இருக்கிறது, ஷைலஜா மேடம். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். என் மகள் சங்கரியும் இப்படித்தான் போடுவாள். கேள்வி கேட்பது போலீஸ்காரர் வேலை, தெரியும். ஆனாலும் குறுக்கே கேட்காமல் விட்டால் நானே எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிடுவேன். ரேடியோவில் பேசிப் பழகியவன் நான். அங்கே ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் வாய் திறக்க வேண்டும்.

என் பெயர் இசக்கிராஜா. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். இடக்கொச்சி தாண்டிக் காயலோரம் இருக்கிறதே விமானப் பயிற்சித் திடல், அங்கே ரேடியோவும் பீக்கனும் என் பொறுப்பு. பீக்கன் என்றால் பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒரு கம்பம், ஒரு ஒலிபரப்புப் பெட்டி. அது ஓடிக்கொண்டிருந்தால் விமானத்துக்குள் இருக்கும் முள் எங்கள் திடல் பக்கம் திரும்பி நிற்கும். மழையில் தரை தெரியாதபோது அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கிவிடலாம்.

பீக்கன் ஓடுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. அது ஓயாமல் 'பீப் பீப்' என்று தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். விமானி அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் முள்ளை நம்ப வேண்டும். எங்களிடம் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தலைவலி. ஒலியைக் குறைத்துவிட்டு என்னிடம் கேட்பார்கள்: "சேட்டா, பீக்கன் உண்டல்லோ?" "உண்டு" என்பேன். அவ்வளவுதான். இசக்கிராஜா சொன்னால் உண்டு. அப்படியொரு மரியாதை எனக்கு அங்கே.

சஜி அங்கே பயிற்சி கொடுக்கிறவன். நல்ல பையன், அதை நான் மறைக்கப் போவதில்லை. சங்கரியைக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்கு வேலைக்குப் போவதாக இருந்தான். வீட்டுக்கு வந்து பணிவாகத்தான் கேட்டான். "அங்கிளும் எங்க கூட வரணும்" என்று தெரிந்த தமிழில் சொல்லவும் செய்தான். அவள் அம்மா போன பிறகு தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். நேற்று வந்தவன் என்னைக் கூட வரச் சொல்கிறான். வயிறு எரிந்தது, மேடம். வெளியே சிரித்துக்கொண்டே கப்பைக் கிழங்கும் மீனும் பரிமாறி அனுப்பினேன்.

கர்க்கடக மழை மாதம் பிறந்திருந்தது. அன்று மத்தியானம் சஜி ஒரு பழைய விமானத்தை எடுத்துக்கொண்டு வைப்பின் தீவுக்கு மேற்கே கடல் மேல் போனான். தனியாகப் போவதாகத்தான் என்னிடம் சொன்னான். சங்கரி கல்யாண ரவிக்கை அளவு கொடுக்கப் பள்ளுருத்திக்குப் போயிருப்பதாக நினைத்திருந்தேன். அந்த விமானத்தின் ஜிபிஎஸ் பழுதுபார்க்கப் போயிருந்தது. கழற்றி அனுப்பியவன் நான்தான். கடலிலிருந்து மழை திரண்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. மற்ற விமானங்கள் இறங்கிவிட்டன. நான் கையை நீட்டிப் பீக்கனை அணைத்தேன்.

சும்மா பயமுறுத்தத்தான் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அதில் பாதி உண்மை. வழி தவறி எங்காவது இறங்கினால் அவன் லைசென்ஸ் போகும், கனடாவும் போகும் என்று நினைத்தேன். செத்துப்போவான் என்பதும் மனதில் வந்தது. வந்த பிறகும் நான் சுவிட்சைத் திருப்பிப் போடவில்லை.

எங்கள் பழைய விமானங்களில் பீக்கன் அணைந்தால் முள் அசையாது. கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும்; மழைக்குள் விமானம் திசை மாறிப் போனாலும் திடல் நேர் முன்னால் இருப்பதாகவே காட்டும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். சஜி கூப்பிட்டான். "அங்கிள், பீக்கன் உண்டல்லோ?" "உண்டு" என்றேன். பெரிய விமான நிலையத்தைக் கூப்பிட்டு உதவி கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தவன்தானே உதவி கேட்பான். அவன் அந்த முள்ளை நம்பி நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். 'பீப்' சத்தத்தை ஒருமுறை கூட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அது அவன் செய்ய வேண்டிய வேலை, என் வேலை அல்ல.

கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல் வந்தது.

"அப்பா, நான்தான். சும்மா கடல் பாக்க வந்தேன், ஏசாதீங்க. இங்க ஒண்ணும் காணல, எல்லாம் வெள்ளையா இருக்கு. சஜியேட்டன் பேசாமலே இருக்காரு. எனக்குப் பயமா இருக்குப்பா. பீக்கன் உண்டுல்ல?"

சுவிட்ச் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டிருந்தால் முள் சடாரென்று பின்னால் திரும்பியிருக்கும். இத்தனை நேரமும் பீக்கன் அணைந்திருந்தது, அப்பாதான் பொய் சொன்னார் என்று அவளுக்கு அங்கேயே விளங்கியிருக்கும். அவள் முகத்தில் நான் அப்புறம் எப்படி விழிப்பேன்?

"உண்டும்மா. பயப்படாத. முள்ளு காட்டுற பக்கமே வாங்க" என்றேன். என் குரல் நடுங்கவில்லை, ஒலிப்பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

"சரிப்பா" என்றாள். அதன் பிறகு கடைசிவரை அவள் பயப்படவில்லை, மேடம். ஒரு தகப்பனாக அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அதுதான்.