முகம் காட்டாத ஆள்

— வீடியோல அந்த ஆளு குரலை மாத்தி, வாத்து பேசற மாதிரி வச்சிருந்தாங்க. முகத்தையும் மறைச்சிட்டாங்க. ஆனாலும் நம்ம தெருவே அசையாம பாத்துச்சுங்க.

— சுகாதாரத்துறைக்காரங்க போட்டுக் காட்டுன வீடியோவா?

— ஆமா. முன்னாடி அந்தத் துறையிலேர்ந்து ஒரு அம்மா வந்து கல்லுத்தூசி, நுரையீரல், இத்தனை சதவீதம்னு சொன்னப்ப கொட்டாவிதான் விட்டோம். எதிர்த்தாப்புல கல்லறுக்கற பட்டறைய யாரு போய்க் கேக்கறது?

— இப்ப மட்டும் என்னவாம்?

— இந்த ஆளு கதையா சொன்னாரு. உங்கள மாதிரியே வெளிநாட்டுல சமையல் மேடைக்குக் கல்லு அறுத்தவராம். சாயங்காலம் கண்ணாடில தூசி படிஞ்ச வெள்ளைத் தலையப் பாத்து, 'என்ன கிழவா, சாப்டியா?'ன்னு தன்னையே கேட்டுக்குவாராம். சிரிச்சோம். இப்ப மாடி ஏற முடியாம நடுப்படில உக்காந்துட்டு, ஃபோன் பேசற மாதிரி நடிக்கறாராம். யாரும் பாவம்னு பாத்துடக் கூடாதாம். லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். சொல்லு.

— நம்ம சின்னவன் அந்தப் பட்டறை வாசல் தூசிலதானே விரலால மாடு வரைவான். வீடியோ முடிஞ்சதும் ஓடிப்போய் அவன் கையக் கழுவி விட்டேன். மறுநாள் தெருவே போய் நின்னோம்.

— முதலாளி முறைச்சிருப்பாரே.

— அவரு தம்பியும் அங்கதானே அறுக்கறாரு. தம்பி பொண்டாட்டிதான் முன்னால நின்னா. இப்ப தண்ணி ஊத்தி அறுக்கறாங்க. சுத்தித் தகரமும் அடிச்சாச்சு.

— நெசமாவா? பரவால்லியே.

— அந்த மகராசன் நல்லா இருக்கணும். தெருவுல எல்லாரும் அவரத்தான் கையெடுத்துக் கும்புடறாங்க.

— அட விடு. பேசறதுக்குக் காசா பணமா?

— ஆனா முகத்தை மறைச்சதுதான் எனக்குப் பொறுக்கல.

— வீட்டுல தெரிஞ்சா அழுவாங்கன்னு இருக்கும்.

— அழட்டுமே. கட்டினவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? உடம்பு தேறிடுமா அவருக்கு?

— போனது போனதுதான். தூசிய விட்டுட்டா ரொம்ப மோசமாகாம பாத்துக்கலாமாம். அவர சாமான் ரூம் வேலைக்கு மாத்திட்டாங்க.

— உங்களுக்கு அவரத் தெரியுமா?

— இங்க… நாலு பேரு பேசிக்கறதுதான். வேலைக்கு நேரமாச்சு. சரி, மனசே இல்லாம வைக்கிறேன்.

— வைக்காதீங்க. வீடியோ முடியறப்ப அவரும் கேமராவப் பாத்து, தினம் நீங்க சொல்ற இதையேதான் சொன்னாரு. தெரு சிரிச்சுச்சு. நான் சிரிக்கலைங்க.