வரதன் காதில் இருந்தது

“எங்க நைனா காதுல இன்னா கீது, மாமா?” என்று அம்மு ஒருநாள் என்னிடம் கேட்டாள். வரதனின் ஒரே மகள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தகப்பனின் தோளைப் பிடித்து எம்பி, அவன் காதுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டாள். குழந்தைகளின் கேள்விக்கு நான் மழுப்புவதில்லை. “குறும்பி, கண்ணு. எல்லார் காதிலும் சேருகிற அழுக்குதான்” என்று சொல்லி ஒரு கல்கண்டு கொடுத்தேன்.

ஐயா, நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தது ஒரு விஷயம் கேட்பதற்காக. செத்துப்போன வரதன் செவிடா, அதை மறைத்துத்தான் வேலை பார்த்தானா என்று. ரயில்வே யார்டு அதிகாரிகள் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அது சரியல்ல. பொய் எனக்கு வராது. ஆகவே முழுவதும் சொல்கிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இராயபுரத்தில் காது டாக்டரிடம் டிரஸ்ஸராக இருக்கிறேன். போர்டில் இருப்பது டாக்டர் பெயர். அவர் நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முதல் தடவை எட்டிப் பார்ப்பார், “குறும்பி, ஆசீர்வாதம்” என்பார், பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அதற்குத்தான் சீமையில் போய்ப் படித்துவிட்டு வந்தார். எண்ணெய் விட்டு ஊறவைப்பதும், பீச்சுக்குழலால் கழுவுவதும், கொக்கி போட்டு எடுப்பதும் நான்.

துறைமுகத்து நிலக்கரித் தூள் முழுக்க இந்த ஊர்க்காரர்களின் காதில்தான் போய்ச் சேருகிறது. அதைக் கழுவிக்கொண்டு போவது எதற்கு? சாராயக்கடையில் இன்னொருவன் சொல்லும் அசிங்கம் தெளிவாகக் கேட்பதற்கு. இருந்தும் ஒருவரையும் நான் கடிந்து பேசியதில்லை. கிழவிகளைக் கைபிடித்துப் படியிறக்கி விடுவேன். சின்னச் சின்ன நன்மைகளில்தான் ஆண்டவர் குடியிருக்கிறார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

வரதன் வியாசர்பாடிக்காரன். யார்டில் வேகன் சக்கரம் தட்டுகிற வேலை. நீளக் கைப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவான். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது உடைந்த சட்டி மாதிரி ஒலிக்கும். காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. அதனால் அடைப்பு வரும் முன்பே வந்து கழுவிக்கொள்வான். “எறும்பு தும்முனாகூட கேக்கும் மாமு” என்று பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் அளப்பான். ஆண்டவர் கொடுத்ததைத் தானே கடையில் வாங்கியதுபோல் பேசுகிறவர்கள் உண்டல்லவா, அந்த வகை.

ஒவ்வொருவர் காதைத் தொடுமுன்பும் நான் வாய்க்குள் ஒரு ஜெபம் சொல்வது வழக்கம். இத்தனை வருஷத்தில் அது யாருக்கும் கேட்டதில்லை. வரதனுக்குக் கேட்டுவிட்டது. ‘கர்த்தாவே, இந்த அசுத்தமான ஜனங்களின் நடுவில் என்னைச் சுத்தமாய்க் காத்தருளும்’ என்பதுதான் ஜெபம். அதில் தவறு ஒன்றுமில்லை. அவன் நாற்காலியிலிருந்து திரும்பி, பெஞ்சைப் பார்த்துச் சொன்னான்:

“கேட்டியா தோஸ்து, நம்மெல்லாம் கலீஜாம். நம்ம காத கயுவிக்கினே நம்ம மேல மேல்லோகத்துக்கு பெட்டிஷன் போட்டுக்கினு கீறாரு, குறும்பிப் பாதரு.”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. உள்ளே டாக்டரின் பேப்பரும் குலுங்கியது. மறுநாள் மீன்காரி தாயம்மா “இன்னா குறும்பிப் பாதரே, வஞ்சிரம் வோணுமா?” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், என் வகுப்புப் பையன்களே ஒருவன் காதில் ஒருவன் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. என்னைச் சொன்னதற்காக ஒன்றும் செய்தவனல்ல நான். ஒரு மனிதனுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருப்பது மூன்றாவது ஆளுக்குக் கேட்கிறதென்றால், அந்தக் காது அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கியபோது வரதன் மறுபடி வந்தான். வழக்கம்போலக் கழுவினேன். பிறகு பஞ்சை மெழுகில் தோய்த்து, அவன் காதிலிருந்து எடுத்த குறும்பியையே மேலே பூசி, சவ்வுக்குச் சற்று முன்னால் இறுக்கி வைத்தேன். இரண்டு காதிலும். ஒன்று மட்டும் போதாது. “உள்ளே தண்ணீர் நிற்கிறது. சில நாள் மந்தமாக இருக்கும். குச்சி, ஊக்கு எதையும் போடாதே, சவ்வு கிழிந்துவிடும்” என்று அவன் முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னேன். காது கழுவினால் சில சமயம் அப்படி இருப்பதுண்டு, ஆகவே நம்பினான். இந்த ஜனங்கள் வெள்ளைக் கோட்டு சொன்னால் நம்புவார்கள்.

சில நாளில் திரும்பி வந்தான். “சாமி, சக்கரம் ஒண்ணும் பேசமாட்டேங்குது சாமி” என்றான். சாமி என்றான், கவனியுங்கள். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் செவிடு என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயம். ஆகவே அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இடுக்கி மேசை டிராயரில்தான் இருந்தது. அந்த டீயைக் குடிக்கிற நேரத்துக்குள் இரண்டையும் எடுத்திருக்கலாம். காதைப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. உள்ளே தள்ளி வைத்தேன்.

அம்மு அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான். குறும்பி என்று நான் சொன்னது பொய்யாகாது. மேலே இருந்தது குறும்பிதானே.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தான். சத்தம் கேட்காததால் சுத்தியலால் தட்டிவிட்டுச் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பதாகச் சொன்னான். ஒருநாள் என் காலைத் தொட்டு, “நா அன்னிக்கு வெளாட்டுக்கு சொன்னது சாமி, மன்சுல வச்சிக்காத” என்றான். என் மனதில் ஒன்றுமில்லை என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத் தலையாட்டினான். காது போகிற பயத்தில் கேட்ட மன்னிப்புக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும், ஐயா.

அவன் மனைவி பூமாரியும் ஒருமுறை கூட வந்தாள். “வூட்ல பேச்சே இல்ல சாமி. கொயந்த கூப்ட்டாகூட இந்த மன்சன் திரும்ப மாட்டேங்குது. சொவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு கீது” என்று அழுதாள். எனக்கு அதில் அழுவதற்கு ஒன்றும் தெரியவில்லை. சாராயக்கடை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, யாரையும் பார்த்து ஏளனம் இல்லை. பத்துப் பிரசங்கம் செய்யாததைப் பஞ்சு செய்திருந்தது. நோயாளி தேறி வரும்போது மருந்தை நிறுத்துவார்களா?

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, அவன் குனிந்து ஒரு சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அதே தண்டவாளத்தில் வேகன்களை உருட்டி விட்டிருக்கிறார்கள். விசில் ஊதினார்களாம். நாலா பக்கமும் நின்றவர்கள் கத்தினார்களாம். அவன் திரும்பவில்லை. வேகன்களை உருட்டினது நானல்ல. ஆனால் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான்: வரதன் செவிடல்ல. அவன் எதையும் மறைக்கவில்லை. அவன் காதை அடைத்தவன் நான்.

இதை நிரூபிக்க உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அன்று சாயங்காலமே பிணக்கிடங்குக்குப் போனேன். என் கோட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்த காவல்காரன் ஒரு கேள்வியும் கேட்காமல் பீடி பற்றவைக்க வெளியே போனான். உள்ளே வரதனும் நானும் மட்டும். ஒரு வேலைக்காக என்னை நம்பி வந்தவன். அதை நான் முடித்துக் கொடுக்கவில்லை. அந்தக் கடனோடு பெரிய வெள்ளியன்று முழங்காலிட எனக்கு மனம் வரவில்லை. அவன் தலையை என் பக்கம் திருப்பி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தேன். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்தேன். குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் போனால் மனிதனுக்குத் தலை சுற்றும். அதனால் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் கொண்டு போயிருந்தேன்.