மணி வைத்த பரீட்சை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. வேண்டுமா என்று கேட்காமல் கொடுத்தீர்களே, அதுதான் நிம்மதி. கேட்டிருந்தால் பதில் தெரியாமல் எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பேன். இந்தக் கால் ஓரிடத்தில் நிற்காது.

மாத்தூரில் ஐயா என்று ஒரு சாமியார் நடத்தும் இல்லத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கே தண்ணீர் குடிக்கவும் அவர் உத்தரவு வேண்டும், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். வெளியே வந்த புதிதில் பாஸ்கர் என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

என்னை வெளியே இழுத்து வந்தவன் மணி, பள்ளிக்கூடத்துத் தோஸ்து. திருவொற்றியூரில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்து, தான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியிலும் சேர்த்துவிட்டான். தங்கமான ஆள். என்னை மறுபடி மனுஷனாக்க அவனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். திடீரென்று, "ஒக்காரு மாமு" என்பான். உட்கார்ந்துவிடுவேன். தலையில் ஒரு தட்டு விழும்.

"இன்னாத்துக்கு ஒக்கார்ந்த? நான் சொன்னேன்னுதானே? நான் இன்னா சொன்னாலும் செய்யாத. உனுக்கா தோணணும்."

லோடு ஏற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். எட்டு மாதம், ஒரு நாளும் நான் தேறவில்லை. வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

போன வாரம் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகவில்லை, கம்பெனியில் நாங்கள் இருவர்தான். மத்தியானம் இறால் சரக்கைப் பார்க்க மணி குளிர் அறைக்குள் போனான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. கதவு சாத்திக்கொண்டது.

"டேய், கதவத் தொற."

என் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. பிறகு நினைவு வந்து எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை தேறிவிட்டேன் என்று சந்தோஷம்.

"பாஸ்கரு, வெளாட்டு இல்லடா. குளிர் தாங்கல. தொறடா."

முன்பும் இப்படிச் சொல்லி ஏமாற்றியிருக்கிறான். திறக்க எனக்குத் தானாகத் தோன்றட்டும் என்று கதவுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தேன். மேஜையில் சார்ஜ் போட்டிருந்த அவன் போனில் அவன் மனைவி மங்கை இரண்டு முறை கூப்பிட்டாள். எடு என்று யாரும் சொல்லவில்லை, எடுக்கவில்லை. நாலு மணி வரை தட்டினான். அப்புறம் சத்தம் இல்லை. கடைசிவரை எனக்குத் தோன்றவே இல்லை, சார்.

கதவு சாத்திக்கொண்டது என்றேன் அல்லவா, அது சரியில்லை. கனமான கதவு அது, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். தள்ளினேன். யாரும் சொல்லாமல், நானாக. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மணி கேட்டால் பெருமைப்படுவான்.

இனி நான் யார் சொல்லுக்கும் ஆடுகிறவன் இல்லை. வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போடணும், சார்? உட்கார்ந்து போடவா, நின்றுகொண்டா? நீங்களே சொல்லிவிடுங்கள்.