வெளியிலிருந்து நிறுத்துவது எப்படி?

துரை: கல்யாணமான புதுசுல, மகாபலிபுரத்துல கடலப் பாத்துகினு இன்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?

பூங்கொடி: “என்னப் படிக்க வையி மாமா, அப்பறம் உன்ன நான் பாத்துக்கறேன்”னேன். நீ, “மொதல்ல சுண்டலத் துன்னு”ன்ன.

துரை: அந்தப் படிப்ப வெச்சித்தான் நாளைக்கு வேலை இன்டர்வியூ. சீக்கிரம் சொல்லு, ஆறு மணிக்கு நான் வண்டிய எடுக்கணும். உன் நோட்டுல கீற மொதல் கேள்வி, ஜாவாவுல... ஓடிகினு இருக்கற திரெட்ட வெளியிலருந்து எப்பிடி நிறுத்துவ? ஆமா, திரெட்டுன்னா இன்னா கொடி?

பூங்கொடி: ஒரே புரோகிராமுக்குள்ள தனியா ஓடற இன்னொரு வேலை. நீ பகல்ல மறைமலைநகர் கம்பெனிக்கும் போயிட்டு, நைட்டு கால் டாக்ஸியும் ஓட்டற மாதிரி.

துரை: என்ன ஏன் இழுக்கற? பதிலச் சொல்லு.

பூங்கொடி: பலவந்தமா நிறுத்தக் கூடாது. பாதியில அறுத்தா தொட்டதெல்லாம் அரகொறையா கெடக்கும். “நின்னுடு”ன்னு கேக்கத்தான் முடியும். அதுவே கையில இருக்கறத முடிச்சிட்டு நிக்கணும்.

துரை: நிக்கலன்னா?

பூங்கொடி: சிலது அப்பிடித்தான். நாம சொன்னது கேக்கும். அத முழுங்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும்.

துரை: எம்மாந் திமிரு பாரேன்!

பூங்கொடி: ம்... போன வாரம் உன் டாக்ஸி பம்பர் நசுங்குச்சே, அது எங்க?

துரை: பொத்தேரியில. மாடு குறுக்க வந்துச்சின்னு சொன்னேன்ல? இன்னிக்கு கேள்வி கேக்கறது நானு.

பூங்கொடி: “கண்ணு செவந்து கீது, இன்னிக்கு போவாத”ன்னேன். கேட்டுச்சா?

துரை: கேட்டுச்சே...

பூங்கொடி: “ஒடம்பு தாங்காது மாமா”ன்னேன்.

துரை: அதுவும் கேட்டுச்சி.

பூங்கொடி: கேட்டுட்டு, சாவிய எடுத்துகினு போயிட்ட.

துரை: உன் படிப்பு முடியட்டும்னு...

பூங்கொடி: முடிஞ்சிச்சி. இனிமே சுத்தி வளைக்கல, நேராவே கேக்கறேன். நைட்டு வண்டிய வுட்டுடு மாமா.

துரை: திடீர்னு இன்னா...

பூங்கொடி: திடீர்னு இல்ல. பம்பரத் தொடச்சது நானு. மாட்டு முடி ஒண்ணு கூட இல்ல. கறுப்பு மஞ்சா பெயிண்டு... நடுரோட்டு மீடியன்ல அடிப்பாங்களே, அதான் ஒட்டிகினு இருந்துச்சி.

துரை: சரி, அடுத்த கேள்வி இன்னான்னா...

பூங்கொடி: திரும்ப முழுங்காத.

துரை: ...தூங்கிட்டேன் கொடி. சொன்னா நீ படிப்ப வுட்டுடுவன்னு மறைச்சேன். இன்னிக்கு வண்டி எடுக்கல. கையில ஒரே ஒரு டிரிப்பு கீது. காலையில உன்ன இன்டர்வியூவுல எறக்கி வுடணும்... அத முடிச்சிட்டு நின்னுடறேன்.