மேல்படிக் கட்டை

அனந்தலக்ஷ்மி: ...கட்டைன்னா இரும்பு வாசனை அடிக்குமோ? நீங்களே மோந்து பாருங்கோ.

ராஜாராமன்: அனந்தம், அதை அப்படியே கீழே வை. மடித்துணி. அம்மா காலத்துலேருந்து அதை யாரும் பிரிச்சதில்லே.

அனந்தலக்ஷ்மி: நான் எங்கே பிரிச்சேன்? எலின்னா பிரிச்சிருக்கு! பட்டு வேஷ்டி ஒரு முழத்துக்குக் கிழிஞ்சு தொங்கறது. உள்ளேருந்து கறுப்பா ஒரு குழாய் எட்டிப் பாக்கறது.

ராஜாராமன்: பழைய பம்புக் குழாயா இருக்கும்.

அனந்தலக்ஷ்மி: கொலுப்படிக்குப் பம்புக் குழாயா?

ராஜாராமன்: மேல்பலகை தொய்யாம இருக்கணும்னு அம்மா ஏதோ ஒண்ணைச் சுத்தி அடியில கொடுத்திருப்பா. அதுக்கு என்ன இப்போ? அமாவாசை போறதுக்குள்ளே படி கட்டணுமா வேண்டாமா? கொண்டா இப்படி.

அனந்தலக்ஷ்மி: தரமாட்டேன். பம்புக் குழாயைப் பிடுங்க இத்தனை அவசரம் என்னத்துக்கு?

ஹாலாஸ்யம்: என்ன ஓய், வாசல் வரைக்கும் சத்தம் கேக்கறது! நாளைக்குச் சங்கத்துல பொன்னாடை போத்திக்கப் போறவர், இன்னிக்கு ஆத்துல அர்ச்சனை வாங்கிண்டிருக்கீரா? மன்னி, வரச்சொன்னேளாமே... நோட்டீஸ் பத்தலையா?

அனந்தலக்ஷ்மி: நோட்டீஸ் இருக்கட்டும் மாமா. அடுத்தாத்துல மிலிட்டரிக்காரர் இருக்கறது எதுக்கு? இது என்னன்னு பாத்துச் சொல்லுங்கோ.

ராஜாராமன்: அவர் மிலிட்டரி இல்லேடி, மிலிட்டரி அக்கவுண்ட்ஸ். பூனாவுல உக்காந்துண்டு கம்பளிக் கணக்கு எழுதினவர்.

ஹாலாஸ்யம்: கம்பளி மட்டுமா? துப்பாக்கிக் கணக்கும் இந்தக் கைதான் எழுதித்து. கொடுங்கோ மன்னி... அடேயப்பா, என்ன கனம்...

ராஜாராமன்: ஓய், வேண்டாம்... கீழே வையும்...

ஹாலாஸ்யம்: ராஜாராமன்! இது ரைஃபிள்ங்காணும்!

அனந்தலக்ஷ்மி: துப்பாக்கியா? கலசத்துக்கு அடியிலயா? இருபத்தெட்டு வருஷமா அம்பாளை இதுமேல உக்காத்தி வெச்சு நான் சுண்டல் நைவேத்யம் பண்ணிண்டிருந்தேனா? என்னை என்னன்னு நெனச்சேள் நீங்களும் உங்கம்மாவும்?

ராஜாராமன்: கத்தாதே. தெருவே கூடிடும்.

அனந்தலக்ஷ்மி: கூடட்டுமே! நாளைக்கு எப்படியும் உங்களைப் பாக்கக் கூடப்போற கூட்டம்தானே?

ராஜாராமன்: தாத்தாவோடதுடி. ஜமீன்ல மானேஜரா இருந்தாரோன்னோ... வேட்டைக்குன்னு ஜமீன்தார் கொடுத்தது.

அனந்தலக்ஷ்மி: தாத்தா வேட்டையாடினாரா? ஒரு கொசுவை அடிச்சாக்கூட ஸ்நானம் பண்ணுவார்னு உங்கம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாளே!

ஹாலாஸ்யம்: இருங்கோ, இருங்கோ. துருவைத் துடைச்சாத் தெரியறது. இதோ கிரீடம். அதுக்குக் கீழே... கோழிக்கால் மாதிரி ஒண்ணு.

அனந்தலக்ஷ்மி: கோழிக்காலா? கஷ்டம்!

ஹாலாஸ்யம்: அது அம்பு மன்னி. சர்க்கார் சொத்துன்னு அர்த்தம். பட்டாளத்துக் கம்பளியிலயும் இதே முத்திரைதான் இருக்கும். ஜமீன்தார் துப்பாக்கிக்கு ஏது அம்பு? பக்கத்துல இஷாப்பூர்னு போட்டிருக்கு. கல்கத்தா பக்கம், சர்க்கார் தொழிற்சாலை. வருஷம்... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு.

அனந்தலக்ஷ்மி: தாத்தா தவறினது உங்க பூணலுக்கு முன்னாடின்னா? நாப்பத்தொண்ணுல நீங்க காலேஜ். பரலோகத்துலேருந்து வந்து வாங்கி வெச்சுட்டுப் போனாரா?

ராஜாராமன்: நாடகக் கம்பெனி சாமானா இருக்கலாம்... சிம்மக்கல்ல பழைய இரும்புக் கடையில அம்மா...

அனந்தலக்ஷ்மி: உங்கம்மா பழைய இரும்புக் கடைக்குப் போனாளா? காய்கறிக் கடைக்காரன்கிட்டயே தள்ளி நின்னு பேசுவா!

ஹாலாஸ்யம்: மன்னி, கொஞ்சம் பொறுங்கோ. எனக்குப் புரிஞ்சுடுத்து. ஓய்! இது அந்தத் துப்பாக்கிதானே?

ராஜாராமன்: எந்தத் துப்பாக்கி?

ஹாலாஸ்யம்: என்கிட்டயே மறைக்கிறீரா? நாப்பத்திரண்டு ஆகஸ்ட்! கல்பாலம்! வெள்ளைக்கார சிப்பாய்கிட்டேருந்து நீர் பிடுங்கினது!

ராஜாராமன்: அது வந்து...

ஹாலாஸ்யம்: வைகையில தூக்கி எறிஞ்சேன்னு பேச்சுல எழுதியிருக்கீரே. எறியவே இல்லையா?

ராஜாராமன்: ...எறிஞ்சேன்னு சொன்னாத்தானே ஓய் யாரும் தேடி வரமாட்டா.

ஹாலாஸ்யம்: பேஷ்! பேஷ்! சுதந்திர வெள்ளி விழாவுக்கு இதைவிட என்ன வேணும்? நாளைக்கு மேடையில மேஜைமேல வெச்சு ஒரு மாலையைப் போட்டுடுவோம். லைசென்ஸுக்கு நம்ம வக்கீலை விட்டுப் பேசச் சொல்றேன்.

அனந்தலக்ஷ்மி: மாமா, அந்த சிப்பாய் எப்படி இருந்தான்னு பேச்சுல வருது?

ஹாலாஸ்யம்: ஆறடி உயரம், செம்பட்டை மீசை, வாயில சுருட்டு. நேத்திக்கு இவர் வாசிச்சுக் காட்டினப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது மன்னி!

அனந்தலக்ஷ்மி: சரி. மரத்துல, தோள்ல வெச்சுக்கற பக்கம், ஒரு பித்தளை வில்லை இருக்கா பாருங்கோ.

ராஜாராமன்: அதெல்லாம் எதுக்கு இப்போ? ஓய், காபி சாப்பிடும். அனந்தம், காபி கொண்டா.

அனந்தலக்ஷ்மி: காபி எங்கேயும் ஓடிப்போகாது. படிங்கோ மாமா.

ஹாலாஸ்யம்: இருக்கு... பச்சை பூத்திருக்கு. டி, ஆர், ஒய்... அப்புறம் ஜி, டி. ட்ரெஷரி... கார்டு. என்ன ஓய் இது? பட்டாளத்துலேருந்து கஜானாவுக்குக் கொடுத்ததுன்னா இது! தாலுகா கஜானா காவல்காரன் தோள்ல இருந்தது. வெள்ளைக்காரன் எங்கேருந்து வந்தான்?

ராஜாராமன்: முப்பது வருஷமாச்சு... ஞாபகம் கொஞ்சம்...

அனந்தலக்ஷ்மி: செம்பட்டை மீசை ஞாபகம் இருக்கு, வெள்ளைக்காரனா நம்மவனான்னு மட்டும் ஞாபகம் இல்லையா? மாமா, குழலுக்குப் பக்கத்துல நம்பர் இருக்கும். நாலாயிரத்து நானூத்திப் பதினேழான்னு பாருங்கோ.

ஹாலாஸ்யம்: நாலு... நாலு... ஒண்ணு... ஏழு. மன்னி! நீங்க உள் நிலைப்படியில நிக்கறேள். அங்கேருந்து எப்படி...

அனந்தலக்ஷ்மி: எங்கப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி ஜுர வேகத்துல ராம நாமமா சொன்னார்? இந்த நம்பரைச் சொன்னார்! "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு, நான் எடுக்கலை, நாலாயிரத்து நானூத்திப் பதினேழு, நான் கொடுக்கலை." எங்கம்மா காதைப் பொத்திண்டு அழுவா.

ஹாலாஸ்யம்: உங்கப்பாவா? கஜானாவுல...

அனந்தலக்ஷ்மி: தலைமைக் கணக்கர் சீதாராமய்யர். கார்டு தண்ணி குடிக்கப் போறச்சே துப்பாக்கியை அவர் ரூம் சுவரோரம் சாத்திட்டுப் போனான். அப்போ ஒரு பிள்ளையாண்டான் உள்ளே உக்காந்திருந்தான். அப்பாகிட்ட சாயங்காலம் சாயங்காலம் கணக்குப் படிக்க வரவன். அவனுக்குப் பழைய பரீட்சைத் தாள் எடுத்துண்டு வரேன்னு அப்பா உள் அறைக்குப் போனார். திரும்பி வந்தா பையனும் இல்லே, துப்பாக்கியும் இல்லே. கோணியில சுத்தி சைக்கிள்ல வெச்சுக் கட்டிண்டு...

ராஜாராமன்: கோணி இல்லே, பாய்...

ஹாலாஸ்யம்: ஓய்!

அனந்தலக்ஷ்மி: ஆமாம், பாய். திருத்தினதுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஹாலாஸ்யம்: எங்க ஆபீஸ்ல ஒரு கம்பளி குறைஞ்சதுக்கே ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பிட்டா. துப்பாக்கின்னா... உங்கப்பாவை என்ன பண்ணினா மன்னி?

அனந்தலக்ஷ்மி: காங்கிரஸ்காராளுக்குக் கூட இருந்து எடுத்துக் கொடுத்தார்னு வேலையை விட்டுத் தள்ளினா. காவல்ல வெச்சுக் கேட்டா, அடிச்சுக் கேட்டா. அன்னிக்கு ரூமுக்கு யார் வந்தான்னு ஒரே ஒரு பேரைச் சொன்னா விட்டிருப்பா. சொல்லலையே அந்த மனுஷன்! "படிக்கற பையன், பாழாப் போயிடுவான்"னுட்டார். அம்மாகிட்டகூடப் பேரைச் சொல்லலை. அந்தப் பையன் இன்னிக்கு செம்பட்டை மீசை வரைஞ்சுண்டிருக்கான்!

ராஜாராமன்: அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு, அனந்தம். தேசத்துக்காகன்னு ஒரு வேகம். எடுத்துட்டேன். அடுத்த நாள் பயம் வந்துடுத்து. போலீஸ் வீடு வீடாப் பாக்கறா. அம்மாதான் கொலுப்படியில வெச்சா... கலசத்தை யார் தொடுவான்னு.

அனந்தலக்ஷ்மி: தேசத்துக்காகத்தான் எடுத்தேள், இருக்கட்டும். ஒரு குண்டாவது சுட்டேளா? ஒருத்தர்கிட்டயாவது கொடுத்தேளா? எங்கப்பாவை இழுத்துண்டு போறச்சே, "எடுத்தவன் நான்"னு ஒரு வார்த்தை சொன்னேளா?

ராஜாராமன்: சொல்லணும்னுதான்... அம்மா கையைப் பிடிச்சுண்டு அழுதா. அதனாலதானே உன்னை... ஒரு பைசா கேக்காம...

அனந்தலக்ஷ்மி: ஆங்! வந்தேளா அதுக்கு! "வேலை போனவர் ஆத்துப் பொண்ணு, வரதக்ஷிணை இல்லாம பண்ணிண்டோம்"னு உங்கம்மா எத்தனை பேர்கிட்ட சொன்னா! விசேஷத்துக்கு விசேஷம், என்னை வெச்சுண்டே சொன்னா! நானும் தலையைக் குனிஞ்சுண்டு, பெரிய மனசுன்னு எல்லாருக்கும் பரிமாறினேன். பிராயச்சித்தத்துக்கு நானா கிடைச்சேன்? பிராயச்சித்தம்னா செஞ்ச பாபத்தைச் சொல்லணும்னா!

ஹாலாஸ்யம்: ராஜாராமன், நான் ஊர் பூரா நோட்டீஸ் அடிச்சு ஒட்டியிருக்கேன். "வெள்ளையனை வென்ற வீரர்"னு. எனக்கு வாய்ல நன்னா வருது. மன்னி இருக்காளேன்னு பாக்கறேன்.

ராஜாராமன்: விழாவை ரத்து பண்ணிடும் ஓய். உடம்பு சரியில்லேன்னு சொல்லிடும். இதை ராத்திரியோட ராத்திரியா வைகையில போட்டுடறேன். நிஜமாவே போட்டுடறேன்.

அனந்தலக்ஷ்மி: போடுவேள்! எங்கப்பா எடுக்கலேங்கறதுக்கு உலகத்துல இருக்கற ஒரே சாட்சியைத் தண்ணியில போடுவேள்! மாமா, அதை அவர் கையில கொடுத்துடாதீங்கோ. உங்காத்துக்கு எடுத்துண்டு போங்கோ.

ஹாலாஸ்யம்: எடுத்துண்டு போறேன். வழியில யாராவது கேட்டா, கம்பளின்னு சொல்லிடறேன்.

ராஜாராமன்: இதோ பாரு அனந்தம். நீ இன்னிக்குத்தான் பாத்தே, அதான் இவ்வளவு ஆத்திரம். ரெண்டு நாள் போனா உனக்கே ஆறிடும். முப்பது வருஷம் சத்தமில்லாம கிடந்தது... எல்லாம் அந்தப் பாழாப்போன எலியால வந்தது.

அனந்தலக்ஷ்மி: எலியா? இந்த ஆத்துல எலி ஏது? கார்த்தால நீங்க ஸ்நானத்துக்குப் போயிருந்தப்போ கத்தரிக்கோலால கிழிச்சது நான். மாமாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினது நான். கல்யாணமாகி ரெண்டாவது கொலுவுலயே இதைப் பிரிச்சு நம்பரைப் படிச்சாச்சு. மறுபடி சுத்தி, அதுமேலயே கலசத்தை வெச்சேன். அன்னிக்கு அப்பாவும் இல்லே, எனக்குப் போக்கிடமும் இல்லே. அப்புறம்... என்னிக்காவது ஒரு நாள் நீங்களாச் சொல்லுவேள்னு வருஷா வருஷம் காத்துண்டிருந்தேன். நேத்து கண்ணாடி முன்னாடி நின்னுண்டு அந்தச் செம்பட்டை மீசையை ஒப்பிச்சேளே, அதோட சரி. விழா நடக்கும். நீங்க மேடையேறுவேள். இப்போ உக்காந்து பேச்சை மாத்தி எழுதுங்கோ... முதல் வரியில எங்கப்பா பேர் இருக்கணும்.