றெமிஜியஸ் ஏறப்போன மலை

அந்தப் படம் வேண்டாம் அண்ணை, அது கலியாணவீட்டிலை எடுத்தது, கோட்டுக்குள்ளை மூச்சு முட்டிக்கொண்டு நிக்கிறார். அடுத்ததைத் தட்டுங்கோ. இன்னும் ஒண்டு. ஆ, இதுதான். ஹெல்மெட்டும் போட்டு, வேர்த்து வழிய. இதைப் பெரிசாக்கலாமோ? ஓம், என்ரை மனிசன்தான். றெமிஜியஸ். இஞ்சை லா சப்பல்லைதான் வேலை, ஒரு றெஸ்ரோறன்ரை நிலக்கீழ்க் குசினி. நீங்கள் கண்டிருக்க மாட்டியள், அவர் மேலை வாறதே குறைவு.

பிறந்தநாளுக்கோ எண்டு கேக்கிறியள். சொல்லுறன், முதல் படத்தைச் சரிப்பண்ணுங்கோ.

முந்தி அவருக்கு இந்தச் சைக்கிள் விசர் இல்லை அண்ணை. ஒரு குளிர்காலம் றெயில்காரர் கிரேவ் எண்டு வேலையை நிப்பாட்டினவங்களெல்லே, அப்ப நாங்கள் இருக்கிற சார்செல்லிலை இருந்து வேலைக்கு வர வழியில்லாமல் கீழ்வீட்டு பிலிப்பிட்டை ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டார். திரும்பி வந்து படிக்கட்டிலை இருந்து சிரிக்கிறார். கை விறைச்சுப்போய்க் கிடக்கு, சிரிக்கிறார். என்னப்பா எண்டு கேட்டால், வழிநெடுக ஒருத்தனும் என்னோடை கதைக்கேல்லை எண்டார். கிரேவ் முடிஞ்சுது. மனிசன் பிறகு வேலைக்கு றெயில் ஏறேல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. வந்த புதுசிலை ஒரு அறைக்குள்ளை எட்டுப் பேர், ஒருத்தன் எழும்ப மற்றவன் படுக்கிறது. பிறகு குசினி, விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சத்தம். வீட்டை வந்தால் நான், பிள்ளை, ரெண்டு அறை. அந்தாள் தன்ரை சீவியத்திலை ஒரு நாள் தனிய இருந்ததில்லை.

அதுக்குள்ளை ஆரோ போனிலை காட்டிப்போட்டினம், ஸ்கொட்லாந்திலை ஒரு மலைறோட்டை. கடலடியிலை தொடங்கி முகிலுக்குள்ளை போய் முடியுது. பேர் என்ரை வாயிலை வராது, மாடுகளின்ரை கணவாய் எண்டு கருத்தாம். முந்தி மாடு சாய்ச்சுக்கொண்டு போன பாதையாம். சில இடத்திலை ஐஞ்சு மீற்றர் உருட்டினால் ஒரு மீற்றர் ஏறவேணும். உதென்ன றோட்டோ, சுவரோ எண்டு கேட்டனான்.

அதுக்கு ஆயத்தப்பட்ட கூத்தைக் கேளுங்கோ. பின்பக்கத்துக்குப் பெரிய பல்லுச் சக்கரம் மாத்தினார். பசுமதி அரிசிப் பையை ரெண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மொன்மார்த் மேட்டுக்கு ஏறுவார். மேலை அந்தப் பெரிய கோயிலடியிலை நிக்கிற சனம் படமெடுக்குமாம், அரிசி விக்க வந்தவனாக்கும் எண்டு. இறங்கி, திரும்பவும் ஏறுவார். பிறகு அந்த அரிசியைத்தான் நாங்கள் சமைச்சுத் திண்டது.

மகள் வனேசா பிரெஞ்சிலை கத்துவாள், பப்பா உங்களுக்கு மூளை பிசகிப்போச்சு, ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. தனியத்தான் போவன் எண்டு ஒரே பிடி. பிறகு அவள்தான் கப்பலும் றெயிலும் பதிஞ்சு குடுத்தது. நான் புளிச்சாதம் கட்டிக் குடுத்தன். வேறை என்ன எனக்குத் தெரியும்.

ஒரு கிழமைதான் லீவு. அங்கை போனால் விடாத மழை. மலையடியிலை அறை எடுத்து, யன்னலாலை பாத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அறை குடுத்த மனிசி இண்டைக்கும் போகாதை, மேலை பனிப்புகார் எண்டு மறிச்சதாம். நாளைக்குத் திரும்பினால்தான் வேலைக்கு நிக்கலாம், இண்டைக்கு விட்டால் இனி எப்ப எண்டு எனக்குப் போனிலை சொன்னார். அந்தக் குரலை இவ்வளவு வருசத்திலை நான் கேட்டதில்லை அண்ணை. சந்தோசமாக்கும். கவனம் எண்டு சொன்னன்.

ஐயோ, அதை அழிச்சுப்போடாதேங்கோ! அது பழுதாப்போன படமில்லை. மேலை ஏறி நிண்டு அனுப்பினது, முழுக்கப் புகார். கீழை எழுதியிருக்கிறார் பாருங்கோ, ஏறிப்போட்டன், இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு.

ஓம், அதுதான் கடைசி.

சைக்கிள் நிண்டது. றோட்டோரக் கல்லிலை வடிவாச் சாத்தி, பையும் அப்பிடியே கிடந்துது. ஆளைக் காணேல்லை. நாயோடை தேடிச்சினம், ஹெலியிலை தேடிச்சினம். அந்தப் புகாருக்குள்ளை ரெண்டடி தள்ளி நிண்டாலே றோட்டுத் தெரியாதாம், பக்கத்திலை பள்ளமாம். வனேசாவும் என்ரை தம்பியும் போய் நிண்டு பாத்துப்போட்டு, சைக்கிளோடை வந்தினம். அது குளிர்காலம் தொடங்க முந்தி. இப்ப மலையிலை பனியெல்லாம் கரைஞ்சும் ஒண்டும் அம்பிடேல்லை. போன கிழமை அங்கத்தைய பொலிஸ் போன் எடுத்து, இனித் தேடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். ஃபாதர்தான் சொன்னார், ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் பிள்ளை, எவ்வளவு நாளைக்குக் கதவைப் பாத்துக்கொண்டு இருக்கிறது எண்டு.

ஓம் அண்ணை, கண்ணீர் அஞ்சலிதான். கோயில் வாசல்லை வைக்கப் பெரிசா ஒண்டு, சனத்துக்குக் குடுக்கக் கொஞ்சம். தோற்றம் எண்ட இடத்திலை அவர் பிறந்த திகதியைப் போடுங்கோ. மறைவு எண்டதை எடுத்துவிடுங்கோ. அது ஒருத்தருக்கும் தெரியாது.

பேருக்கு முன்னாலையோ? அமரர் எண்டு போடத்தானே வேணும். போடுங்கோ. கொஞ்சம் சின்ன எழுத்திலை போடுங்கோ.