பாயில் படுத்திருந்த நடிகன்

மத்தியானம் பன்னிரண்டரை. குச்சவெளி தாண்டித் திரியாய்ப் பக்கம் போகிற வீதி... ஒரு சைக்கிள்கூட இல்லை. வெயிலில் தார் மணக்கிறது. ஒரு பக்கம் பற்றைக்காடு. மறுபக்கம் வற்றிக் கிடக்கிற உப்புநீர்க் களப்பு.

பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

மழை விடுகிற மாதிரி இல்லை, இந்த இரவு துறைமுகக் கொட்டிலுக்குள்தான் நமக்கு. கப்பலில் இப்போதைக்கு மூட்டை இறக்கவும் மாட்டார்கள். அந்த லாம்பை நடுவில் வையுங்கள். ஜமால்தீன், நீரும் கதவடியை விட்டு இங்கால வாரும்.

இது எனக்கு நடந்ததில்லை. நம்மோடு மூட்டை தூக்குகிற குலசிங்கத்தாரின் அக்கா மகனுக்கு நடந்தது. அவர் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை, அதனால் சொல்கிறேன். இருந்தால் வாயைத் திறக்க விடமாட்டார். ஊரில் யார் செத்தாலும் பிணத்துக்கு நாடிக்கட்டும் கால்கட்டும் கட்டின மனிதர், இப்போது ஏன் பிணத்துக்குக் கிட்டவே போவதில்லை என்று கேட்கிறீர்களே... அதுதான் கதை.

அந்த மருமகனுக்குக் கிருஷாந்த் என்று பெயர். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டு திரிந்தவன். ஐந்து வருடம் ஒரு கதையை எழுதினான், கிழித்தான், திரும்ப எழுதினான். கடைசியில், நானே எழுதி நானே இயக்கி ஒரு முழுப் படம் எடுக்கப் போகிறேன் என்று நின்றான். சிரிக்காத ஆள் இல்லை. இந்தப் படம் சரிவராவிட்டால் இனிக் கமராவைத் தொடமாட்டேன் என்று தாயின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

படத்தில் ஒரு செத்தவீடு வருகிறது. அதற்கு அந்த வீதியோரம் ஆள் இல்லாத ஒரு வீட்டைப் பிடித்தான். பிணமாகப் படுக்கப் பாலையூற்றில் யேசுரட்ணம் என்கிற நாடகக்காரரை ஒழுங்குபடுத்தினான், போனிலேயே. முகத்தைத்தான் பூ மறைக்கப் போகிறதே, யாராக இருந்தால் என்ன என்று நேரில் போய்ப் பார்க்கவில்லை. பிணத்துக்குக் கட்டுப் போடுவதற்குத் தாய்மாமன் குலசிங்கத்தாரைக் கூட்டிக்கொண்டான்.

வான் போய் நின்றபோது வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள். பாயை விரித்து, நேரே, கண்ணை மூடி...

"பாத்தியளோ மாமா? நடிகனெண்டா இப்பிடி இருக்கவேணும். நாங்கள் வர முதலே செத்துப்போனார்."

"ஒரு கதையும் இல்லையேடா, வாய் பேசாதவரோ?"

"பாத்திரத்துக்குள்ள போயிட்டார். குழப்பாதேங்கோ."

குலசிங்கத்தாருக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. போனில் கேட்ட குரல் ஐம்பது வயதுக்காரருடையது என்று வானில் வரும்போது கிருஷாந்தே சொல்லியிருந்தான். கிடந்தது இருபத்தைந்து மதிக்கத்தக்க பெடியன். எல்லோருக்கும் சட்டை தோய்ந்து முதுகில் ஒட்டுகிறது, அவன் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. ஒரு மணம் வேறு. அழுகல் மணம் அல்ல. கிணறு இறைத்துச் சேற்றை அள்ளி மேலே போட்டால் வருமே... அந்த மணம்.

தாடையை உச்சந்தலையோடு சேர்த்து நாடிக்கட்டுப் போட்டார், கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்.

"தம்பி, இறுகுதோ?"

கால் சில்லென்று இருந்தது.

முகத்தைக் கண்டதும் கிருஷாந்துக்குத் தான் எழுதி வைத்திருந்த முடிவு பிடிக்காமல் போயிற்று. பூவை எடுக்கச் சொன்னான். நாடிக்கட்டையும் அவிழ்ப்பித்தான். கமரா முகத்துக்குக் கிட்டக் கிட்டப் போனது. "இந்த முகத்திலதான் மாமா என்ர படம் முடியப்போகுது" என்று துள்ளினான். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள், மெய்யான பச்சை அரிசி. உதட்டில் விழுந்த அரிசி விழுந்தபடியே கிடந்தது.

பிறகு, சத்தம் பதிகிற பஹ்மி எல்லோரையும் வாயை மூடச் சொன்னான். அந்த இடத்து அமைதியையும் பதிந்து வைக்கவேண்டுமாம். காதில் ஹெட்போனோடு நின்ற பஹ்மி மெல்லச் சிரித்தான்.

"என்னடா?"

"பொணத்துக்குப் பசி போல. அரிசி கடிக்குது. நறுக்... நறுக்கெண்டு கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். குலசிங்கத்தார் மட்டும் பாயைப் பார்த்தார். தாடை அசையவில்லை.

செத்தவீட்டில் கட்டின கால்கட்டைச் சுடலையில் அவிழ்த்துவிட்டுத்தான் நெருப்பு வைப்பார்கள், தெரியும்தானே. கிருஷாந்தின் கதையில் சுடலை இல்லை. வீட்டோடு முடிகிறது. ஆகவே காட்சி முடிந்த கையோடு கட்டை அவிழ்த்து, ஆளைப் பேர் சொல்லி எழுப்பி, ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் என்று குலசிங்கத்தார் முதலே சொல்லி வைத்திருந்தார். ஆனால் "கட்" சொல்லவும் ஒரு முகில் வந்து வெயிலை மூடவும் சரியாக இருந்தது. முற்றத்துக் காட்சிக்கு வெளிச்சம் போகப்போகிறது என்று கிருஷாந்த் எல்லோரையும் வெளியே துரத்தினான்.

"மாமா, வெளிச்சம் முகத்தில விழ இந்த வெள்ளை மட்டையைப் பிடியுங்கோ. கட்டு பிறகு!"

பிறகு... வந்து பார்த்தால் வெறும் பாய்.

வாசல் மணலில் காலடி கிடந்தது. நாம் நடக்கிற மாதிரி ஒன்றின் முன் ஒன்றாக இல்லை. இரண்டு பாதமும் ஒட்டியபடி... அடுத்ததும் ஒட்டியபடி... கட்டோடு துள்ளித் துள்ளி வீதி வரைக்கும். தாரில் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டார்கள், தேடினார்கள். அவனுக்கென்று வைத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.

அங்கே போன் வேலை செய்யாது. குச்சவெளிக்கு வந்துதான் கிருஷாந்த் யேசுரட்ணத்துக்குப் போன் எடுத்தான்.

"யேசு அண்ணை, அந்த மாதிரி நடிச்சீங்கள். ஏன் சொல்லாமப் போனனீங்கள்?"

"தம்பி, குறை நினைக்காதேயும். நான் வரேல்லை. உயிரோட இருக்கிறவன் பிணமாப் படுக்கிறதோ எண்டு மனிசி இன்பமலர் என்ர செருப்பை ஒளிச்சுப்போட்டா. வெக்கத்தில போனையும் நிப்பாட்டிப்போட்டு இருந்தனான், இப்பதான் போட்டனான்."

சிரியும் ஜமால்தீன், சிரியும். வானுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் நம்பவில்லை. பஹ்மிதான் ஆளைக் கொண்டுவந்து படுக்க வைத்து விளையாட்டுக் காட்டினான் என்று கிருஷாந்துக்குச் சந்தேகம். படத்துக்கு ஆள் சேர்க்க இயக்குநரே செய்த வேலை என்று பஹ்மிக்குச் சந்தேகம். ஒப்பாரிப் பெண்களுக்கு அந்த இரண்டு பேர் மேலும் சந்தேகம். அந்தக் காட்சியை வெட்டிவிடு என்று குலசிங்கத்தார் சொன்னார்.

"அந்த முகம் இல்லாட்டிப் படமே இல்லை மாமா."

வெட்டவில்லை.

தை மாதம் நம் ஊர் மண்டபம் ஒன்றில் படத்தைக் காட்டினார்கள். நல்ல கைதட்டல். சிரித்தவர்களே கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லோரும் போன பிறகும் ஒரு அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. கட்டைபறிச்சான் ஊர் இராசமலர். அந்தத் திரியாய் வீதியால் புல்மோட்டைக்கு வேலைக்கென்று போன அவருடைய மகன் ரஜீபன் காணாமல் போய்ப் பதினெட்டு வருடம். அவன் போட்டோவைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசலில் வெயில் குடித்த மனுசி. அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அதே முகம். ஒரு வயதுகூடக் கூடவில்லை.

"எங்க வைச்சிருக்கிறீர் என்ர பிள்ளையை?"

"அம்மா... அது நடிகர்."

"அப்ப பேரைச் சொல்லும்."

கிருஷாந்திடம் சொல்லப் பேர் இல்லை. யாரோ பொறாமைக்காரன் இந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று அவன் நினைத்தான். போட்டோவில் முகம் மாற்றுவது இந்தக் காலத்தில் பெரிய வேலையா?

"எந்த மாசம் எடுத்தனீர்?"

"ஆவணியில."

"ஆவணியில இருந்துதான் விடிய எழும்பினா என்ர வீட்டு முத்தத்தில காலடி கிடக்குது. ரெண்டு காலும் ஒட்டினபடி. படி வரைக்கும் வருது, ஏறேல்லை. பக்கத்து வீட்டுச் சின்னனுகள் துள்ளி விளையாடுதுகளாக்கும் எண்டு இருந்தனான். இண்டைக்குத்தான் விளங்குது... ஆர் கட்டினது?"

மணலில் கண்ட காலடி படத்தில் இல்லை. வெளியே ஒருவருக்கும் சொன்னதும் இல்லை.

"நான்தான் பிள்ளை," என்றார் குலசிங்கத்தார்.

"கட்டினவர் வந்து அவிழ்த்து விடுங்கோ. இவர் படத்தை நிப்பாட்டவேணும். என்ர பிள்ளையை ஊர் செத்தவனாப் பாக்கக்கூடாது."

கிருஷாந்த் ஏலாது என்றான். அடுத்த கிழமை கொழும்பில் காட்ட இடம் கிடைத்திருந்தது. "அஞ்சு வருசம் மாமா. மணலில கிடக்கிற காலடிக்காக விடச் சொல்லுறியளோ?"

குலசிங்கத்தார் தனியாகத்தான் அந்த அம்மா வீட்டுக்குப் போனார். பொழுதுபட்டதும் அந்தப் படியில் குந்திக்கொண்டார். என்ன கண்டார்... அதைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். இவ்வளவுதான் சொன்னார். சேற்று மணம் வந்ததாம். 'தொப்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'தொப்'. கிட்ட. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினாராம். சில்லென்று பட்டது விரல். முடிச்சும் பட்டது, தன் கையால் போட்ட முடிச்சு. தடவித் தடவி அவிழ்த்தார்.

விடிந்து பார்த்தால், படி வரைக்கும் ஒட்டின காலடி. படியில் இருந்து ஒன்றின் முன் ஒன்றாக, ஈரமாக, வீட்டுக்குள். வெளியே வந்த அடி இல்லை.

அன்று காலையே கிருஷாந்த் போன் எடுத்தான். அழுகிற குரல்.

"மாமா, என்ன செய்தனீங்கள்? படத்தில பாய் மட்டும்தான் கிடக்குது. பொம்பிளையள் வெறும் பாயைச் சுத்தி இருந்து அழுகினம்."

எந்தப் பிரதியிலும் முகம் இல்லை. பஹ்மி பதிந்த அமைதியில் அந்த நறுக் நறுக்கும் இல்லை. படம் கொழும்புக்குப் போகவில்லை. சத்தியம் பண்ணினபடி அவன் கமராவை வைத்துவிட்டான்.

பங்குனியில் குலசிங்கத்தார் மூதூர்ப் பக்கம் ஒரு அலுவலாகப் போனவர், அந்த அம்மாவையும் எட்டிப் பார்த்தார். மனுசி சிரித்த முகத்தோடு இருந்தார். கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. படியில் வைத்தே தேத்தண்ணி கொடுத்தார்.

குடிக்கும்போது உள்ளே இருந்து கேட்டதாம். நறுக்... நறுக்...

கோப்பையை வாங்கிக்கொண்டு அந்த அம்மா மெல்லக் குனிந்து சொன்னார்:

"ஆக்கி வைச்சா ஒண்டும் தொடுறானில்லை அண்ணை. பச்சை அரிசிதான் கேக்கிறான்."